திறப்பு விழாவுக்கு முந்தின சவாரி

சாயங்காலம் ஆறேமுக்கால் இருக்கும். ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. மதுக்கரையைத் தாண்டி மலையடிவாரத்துக்குப் பிரிகிற ஒற்றை ரோடு... இரண்டு பக்கமும் முள்ளுக்காடு. நடுவில் வீடு கிடையாது, கடை கிடையாது. தெருவிளக்குக் கம்பம் உண்டு, விளக்கு எரியாது.

அந்த ரோட்டில் ஒரு பெண் தனியாக ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டு போகிறாள். பேர் சஃபியா. என் சிநேகிதன் சஹீரின் கூடப் பிறந்த அக்கா. அவன் வாயால் கேட்டதைத்தான் சொல்கிறேன். அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்கள்... ம். கேளுங்கள்.

சஃபியா அன்றைக்கு நல்ல கடுப்பில் இருந்தாள். மத்தியானமே போய் ஓர் ஆபீஸ் சோபாவில் உட்கார்ந்தவள். ஐயா மீட்டிங்கில் இருக்கிறார்... ஐயா சாப்பிடுகிறார்... ஐயா இப்போதுதான் பின்வாசல் வழியாகக் கிளம்பினார். காப்பி மட்டும் இரண்டு தரம் வந்தது. போன காரியம் ஆகவில்லை.

பின்னாலிருந்து வெளிச்சம் வந்தது. நீலமும் சிவப்புமாகச் சுற்றுகிற வெளிச்சம். ஆம்புலன்ஸ். சைரன் சத்தம் இல்லை. சஃபியா ஓரம் கட்டினாள். வண்டி அவளைத் தாண்டியது. தண்ணீரில் டயர் இழுக்கிற சத்தம், சர்ர்ர் என்று... அதற்கப்புறம்தான் என்ஜின் சத்தம் வந்தது. அதன் பின்னாலேயே ஒரு வாசனை. கோடாலித் தைலம்.

வண்டியின் முதுகைப் பார்த்தாள். பின்கதவின் குறுக்கே சிவப்பு ரிப்பன். கட்டினது கட்டினபடி இருந்தது.

அந்த வண்டியை அவளுக்குத் தெரியும். அவளுடைய ஆஸ்பத்திரி வண்டி. அதன் சாவி ஆஸ்பத்திரியில் யாரிடமும் கிடையாது. அந்தச் சாவியைக் கேட்டுத்தான் மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பிக்கொண்டிருந்தாள்.

ஸ்கூட்டி தானாக ஆஃப் ஆகிவிட்டது.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொன்னால்தான் விளங்கும்.

அந்த ஆஸ்பத்திரி ஒருத்தர் கட்டினதில்லை. கோட்டைமேட்டு வியாபாரிகள் கொஞ்சம், சர்ச் ஆட்கள் கொஞ்சம், தோட்டக்காரர்கள், ஆட்டோ ஸ்டாண்டுப் பையன்கள் என்று ஊர் கூடிக் கட்டினது. சென்னிமலையிலிருந்து ஒருத்தர் வருஷம் தவறாமல் பெட்ஷீட் கட்டு அனுப்புவார், பேர்கூடப் போடமாட்டார். அவர் ஒருத்தர்தான் அப்படி. மற்றபடி ஃபேன் இறக்கையில் பேர், பெஞ்சில் பேர், தண்ணீர்த் தொட்டியில் மூன்று குடும்பத்தின் பேர். நர்ஸ் சம்பளத்தின் மேல் பேர் எழுத முடியாது. அதனால் அதைக் கொடுக்க மட்டும் ஆள் கிடைக்காது. அந்த ஆளைத் தேடுவதுதான் சஃபியாவின் வேலை. டிரஸ்டில் நன்கொடைப் பொறுப்பு அவளுடையது. கல்யாண மண்டபம், மில் ஆபீஸ், நகைக்கடை என்று ஏறி இறங்குவாள். கேட்டுக் கேட்டு அவள் குரலே கேட்கிற குரலாகிவிட்டது என்று சஹீர் கிண்டல் செய்வான்.

ஆம்புலன்ஸ் கொடுத்தவர் பம்ப்செட் கம்பெனி சரவணன். கெட்ட மனிதர் இல்லை. அவருடைய அப்பா நெஞ்சு வலியோடு காரில் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் இறந்துபோனார். அந்தத் துக்கத்தில் அவராகவே போன் பண்ணி, "ஒரு வண்டி வாங்கித் தாரேனுங்க மேடம்" என்றார். சஃபியா அன்றைக்குச் சந்தோஷத்தில் அழுதுவிட்டாள்.

வண்டி வந்தது. இரண்டு பக்கமும் அவருடைய அப்பாவின் போட்டோ, ஆளுயரத்துக்கு. ஷோரூம்காரன் ஓட்டிக்கொண்டு வந்து ஷெட்டில் நிறுத்தினான். பின்கதவில் ரிப்பன் கட்டினான். தார்ப்பாய் போட்டுக் கயிறு முடிந்தான். சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

திறப்பு விழாவுக்கு ஒரு பெரிய தலைவர் வரவேண்டுமாம். அவர் கையால்தான் சாவி கொடுக்க வேண்டுமாம். அதற்காகத் தெர்மாகோலில் ஒரு சாவி செய்து, தங்கக் காகிதம் ஒட்டி அனுப்பியிருந்தார்கள், ஒரு பையன் உயரத்துக்கு. அது ஆபீஸ் ரூமில் சாய்ந்து நின்றது. நிஜச் சாவி இரண்டும் சரவணன் வீட்டுப் பீரோவில்.

தலைவருக்குத் தேதி ஒத்துவரவில்லை. விழா தள்ளிப்போனது. மறுபடியும் தள்ளிப்போனது.

இதற்குள் வண்டிக்கு டிரைவர் போட்டாகிவிட்டது. மாசாணம். ஐம்பது தாண்டின ஆள். முன்னே சிமெண்ட் லாரி ஓட்டினவர். காலையில் வருவார். காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு ஷெட்டில் பிளாஸ்டிக் சேர் போட்டு உட்காருவார். தார்ப்பாயைத் தூக்கி வண்டியை வெளிப்பக்கம் மட்டும் துடைப்பார். துடைத்து முடித்ததும் லாரிக் கிளீனர் மாதிரி பக்கவாட்டில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. தட்... தட். "ரைட் போலாம்" என்பார். எங்கே போவது? மறுபடியும் உட்காருவார். தலைவலிக்குக் கோடாலித் தைலம் தேய்ப்பார்.

"அம்மணி, ஓட்டாத வண்டிக்குச் சம்பளம் வாங்கறது ஒடம்புல ஒட்டாதுங்க" என்று சஃபியாவிடம் சொல்வார். "சித்தெ அந்தச் சாவியைக் கேட்டுப் பாருங்க."

அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

ஒரு மத்தியானம் அந்தச் சேரிலேயே சாய்ந்துவிட்டார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு... வேர்த்துக் கொட்டுகிறது. டாக்டர் ஓடிவந்து பார்த்தார். இங்கே ஒன்றும் செய்ய முடியாது, டவுனுக்குக் கொண்டுபோங்கள், உடனே, என்றார். 108-க்குப் போன் போட்டால், வண்டி வேறு கேஸில் இருக்கிறது, வர நேரமாகும் என்கிறார்கள். சஃபியா சரவணனைக் கூப்பிட்டாள். அவர் ஏதோ கல்யாணத்தில் இருந்தார். பின்னால் மேளச் சத்தம்.

"சார், சாவியைக் குடுத்தனுப்புங்க சார். இல்லாட்டிக் கண்ணாடியை உடைச்சு வயரைப் பிடுங்கியாவது எடுத்துக்கறோம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. எங்க டிரைவருக்கே நெஞ்சு வலி."

"அடடா... ஏனுங்க மேடம், புது வண்டிங்க, அதையெல்லாம் உடைக்க வேண்டாமுங்க. விழாவுக்கு இன்னும் கொஞ்ச நாள்தானுங்களே இருக்குது. ரிப்பன் வெட்டாம எடுத்தா நல்லா இருக்குமுங்களா? அதும் மொதல் சவாரியே இந்த மாதிரிக் கேஸு... ஒரு ஆட்டோவுல அனுப்பிச்சுடுங்க. செலவு அத்தனையும் நான் பாத்துக்கறேன். பாவம், நெம்ப நல்ல மனுசன்."

ஆட்டோவில் ஏற்றினார்கள். மாசாணத்தின் தலை சஃபியாவின் தோளில். போகிற வழியில் ரயில்வே கேட். போட்டிருந்தது. கூட்ஸ் வண்டி... சிமெண்ட் ஏற்றின பெட்டிகள். ஒன்றன்பின் ஒன்றாக, முடியவே இல்லை. மாசாணம் கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் அவருடைய வலது கால் மட்டும் ஆட்டோவின் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது, ஆக்சிலரேட்டரை மிதிக்கிற மாதிரி.

"கேட்டைத் தூக்கச் சொல்லுங்கம்மணி... வண்டியில கேஸு இருக்குதுன்னு சொல்லுங்க..."

கடைசிப் பெட்டி போனது. கேட் தூக்கினார்கள். சஃபியா குனிந்து பார்த்தாள். கால் நின்றுபோயிருந்தது.

சரவணன் பெரிய ரோஜா மாலை அனுப்பினார். குடும்பத்துக்கும் நல்லதாகவே செய்தார். விழா மட்டும் மறுபடியும் தள்ளிப்போனது.

இதெல்லாம் நடந்து கொஞ்ச நாள் கழித்துத்தான், சொன்னேனே, அந்த மழைச் சாயங்காலம். ரிப்பன் கட்டின வண்டி அவளைத் தாண்டிப் போகிறது. கோடாலித் தைலம் மணக்கிறது.

ஸ்கூட்டியை உதைத்து உதைத்துக் கிளப்பி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர வெகு நேரமாகிவிட்டது. போர்ட்டிகோவிலேயே நர்ஸ் சாஜிதா பேகம் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, சாவி குடுத்துட்டாங்களா? அல்ஹம்துலில்லாஹ்! இப்பத்தான் நம்ம வண்டி ஒரு பிரசவக் கேஸை எறக்கிட்டுப் போச்சு. ஆருக்கா புது டிரைவர்? எறங்கவே இல்லை. நாங்கதான் ஸ்ட்ரெச்சரை இழுத்தோம். எறக்குனதும் உள்ளாற இருந்து தட் தட்னு ரெண்டு தட்டு. அவ்வளவுதான், போயிட்டாரு."

சஃபியா ஷெட்டுக்கு ஓடினாள்.

தார்ப்பாய் போட்டபடி இருந்தது. கயிற்று முடிச்சு அவிழவில்லை. ஷெட்டுக்கு மேலே தகரம்... உள்ளே தரையெல்லாம் காய்ந்து கிடந்தது. ஆனால் தார்ப்பாய்க்கு அடியிலிருந்து தண்ணீர் ஓடி வந்தது. ஓரத்தைத் தூக்கினாள். டயர் முழுக்கச் செம்மண் சேறு. மலையடிவாரத்து மண். சூடான என்ஜின் ஆறுகிறபோது வருகிற சத்தம், டிக்... டிக்... டிக்...

திரும்பி வார்டுக்கு வந்தாள். உள்ளே கயல்விழி என்ற பெண்ணுக்கு வலி எடுத்துக்கொண்டிருந்தது. வெளியே பெஞ்சில் அவளுடைய மாமியார் பாவாத்தாள், நனைந்த சேலையோடு உட்கார்ந்திருந்தாள். தோட்ட வேலைக்குப் போகிற பெண்.

"அம்மா, வண்டிக்கு நீங்க போன் பண்ணினீங்களா?"

"எங்கீங்கம்மணி பண்றது? எங்க ஊட்டுப் பக்கம் டவரே எடுக்காதுங்களே. மருமவ துடிக்கறா. நான் வாசல்ல நின்னு சாமிய வேண்டிக் கத்தறேன். வண்டி வந்து நிக்குதுங்க. பின்னாடிக் கதவு தானா தொறந்துக்குச்சு."

"ஓட்டினவரைப் பாத்தீங்களா? வண்டிமேல போட்டோவுல இருக்கற பெரியவர் மாதிரி இருந்தாரா?"

"தெரியலீங்க. முதுகுதான் தெரிஞ்சுது. காக்கிச் சட்டை. மூஞ்சியத் திருப்பவே இல்லீங்க." பாவாத்தாள் குரலைத் தாழ்த்தினாள். "ஆனா வாரப்ப முச்சூடும் ஒரே மொணமொணப்புங்க. கேட்டைத் தூக்கச் சொல்லுங்க... கேட்டைத் தூக்கச் சொல்லுங்கன்னு. எங்க ஊர் வழியில ஏதுங்கம்மணி கேட்டு?"

சஃபியா அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நல்லபடியாக இருந்தார்கள்.

மறுநாள் விஷயம் காதில் விழுந்து சரவணன் ஆட்களோடு வந்தார். முதலில் அவருக்கு வந்தது கோபம். கள்ளச் சாவி போட்டிருக்கிறீர்களா என்று கேட்டார். அப்புறம் முடிச்சைப் பார்த்தார், ரிப்பனைப் பார்த்தார், சேற்றைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"அப்பாதானுங்க மேடம்."

"சார்?"

"எங்கப்பாதானுங்க ஓட்டியிருக்கறாரு. தருமம்னா அவருக்கு நேரங்காலமே கெடையாது."

"காக்கிச் சட்டைன்னு சொல்றாங்க சார். மாசாணம்னு எங்க டிரைவர் ஒருத்தர்..."

"அப்பாவும் ஆரம்பத்துல காக்கிச் சட்டை போட்ட தொழிலாளிதானுங்களே. அந்த டிரைவர் பேரையும் விழா மேடையில ஒரு வார்த்தை சொல்லிப்போடலாம், விடுங்க."

சஃபியாவுக்கு வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டாள். கேட்கிற இடத்தில் இருக்கிறவள்... கோபப்பட முடியுமா? அடுத்த வருஷம் ஸ்கேன் மிஷினுக்கு அவரிடம்தான் போய் நிற்கவேண்டும்.

"அப்ப சாவியைக் குடுத்துடுங்க சார். ஆள் வெச்சு ஓட்டிக்கறோம்."

"குடுக்கத்தானுங்க போறோம். முறையாக் குடுப்போம்."

போகும்போது முன்சக்கரத்தில் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டுப் போனார். அழைப்பிதழைத் திருத்தி அச்சடிக்கச் சொன்னார். அமரராகியும் சேவை செய்யும் தந்தை என்று அதில் ஒரு வரி.

சங்கிலி போட்டும் வண்டி நிற்கவில்லை. இருட்டுகிற நேரத்தில் யாராவது பார்த்தார்கள். பாம்பு கடித்த ஒருத்தனை இறக்கிவிட்டுப் போனது. ஆஸ்துமா வந்த ஒரு கிழவரை இறக்கிவிட்டுப் போனது. ஆஸ்பத்திரியில் எல்லாரும் பயந்தார்கள்... ஆனாலும் பிழைக்கிறார்களே என்று பேசாமல் இருந்தார்கள்.

அப்புறம் நாச்சியம்மாள் வீட்டில் நடந்தது.

நாச்சியம்மாள் வீடு ரோட்டோரம். ஒரு சாயங்காலம் வண்டி வந்து வாசலில் நின்றது. வீட்டில் யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. அவள் புருஷன் வெளியே வந்து, "நாங்க ஆரும் கூப்பிடலீங்க, போங்க" என்று கையாட்டினார். வண்டி போகவில்லை. என்ஜின் ஓடுகிறது... பின்கதவு திறந்திருக்கிறது. அவர் கல்லெடுத்து எறிந்து, சத்தம் போட்டு விரட்டிவிட்டார். வண்டி மெதுவாக நகர்ந்தது. அது திருப்பத்தைத் தாண்டவில்லை... அவர் வாசலிலேயே விழுந்தார். அதோடு சரி.

அதற்குப் பிறகு அந்தப் பக்கத்து ஊர்களில் பொழுது சாய்ந்தால் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ரோட்டில் விளக்குச் சுற்றினால் குழந்தைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

நன்கொடை கொடுக்கிறவர்கள் சஃபியாவைக் கூப்பிட்டு விசாரிக்க ஆரம்பித்தார்கள். ஒருத்தர் பூஜை போடச் சொன்னார். ஒருத்தர் வண்டியை விற்றுவிடச் சொன்னார். மாசாமாசம் கொடுத்துக்கொண்டிருந்த ஒருத்தர், கொஞ்ச நாள் போகட்டும் என்று நிறுத்திவிட்டார். டிரஸ்ட் தலைவர் ஜபருல்லா, மரக்கடை வைத்திருப்பவர், சஃபியாவுக்கு மாமா முறை. அவர் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

"சஃபியா, இந்தப் பேச்சு டவுனுக்குள்ள வந்துச்சுன்னா குடுக்கற நாலு கையும் நின்னுபோகும். நீ வாயத் தொறக்காத."

"நான் எங்க மாமா தொறந்தேன்? சாவியைக் குடுக்கச் சொல்லி நீங்க ஒரு வார்த்தை அவர்கிட்டச் சொல்லுங்க."

"குடுக்கறவங்க மனசு நோகக் கூடாதும்மா."

யார் ஓட்டுகிறது என்று எல்லாரும் கேட்டார்கள். ஏன் சாவியில்லாமல் ஷெட்டில் நிற்கிறது என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. சஃபியாவுக்குப் பேயைவிட அதுதான் ஆறவில்லை.

கார்த்திகையில் விழா என்றார்கள். பந்தலுக்குச் சொல்லியாகிவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் வாட்ஸப்பில் சரவணனுடைய செய்தி வந்தது. தலைவருக்கு நேரமில்லை... தை பிறக்கட்டும், பார்த்துக்கொள்ளலாம். கீழே கைகூப்புகிற பொம்மை.

சஃபியா அதைப் படித்தாள். போனைப் பைக்குள் போட்டாள். நேராக ஷெட்டுக்குப் போனாள். விளக்குப் போடவில்லை. மழை தகரத்தில் அடிக்கிறது. தார்ப்பாய்க்குள் மலைமாதிரி அந்த வண்டி. அவளுக்குப் பயம் வரவில்லை. பயப்படக்கூடத் தெம்பில்லாமல் அலுத்துப்போயிருந்தாள். பானெட்டின் மேல் உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள்.

"மாசாணம் அண்ணா! எங்களையே சுத்திச் சுத்தி வந்தா என்ன அண்ணா பண்றது? நானும் எத்தனை தடவைதான் போய் நிக்கறது? சாவி இருக்கற எடத்துக்கு நீங்களே போங்களேன்!"

மழைச் சத்தம்.

திரும்பினாள்.

தட்... தட்.

வண்டியின் அந்தப் பக்கத்திலிருந்து. உள்ளங்கைச் சத்தம்.

எப்படி ஆபீஸ் ரூமுக்கு வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. சாஜிதா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பாதி டம்ளர்கூடக் குடித்திருக்கமாட்டாள். போன் அடித்தது. சரவணன்.

"மேடம்... ஆம்புலன்ஸை ஆருங்க அனுப்புனது?"

"எந்த ஆம்புலன்ஸ் சார்?"

"நம்ம வண்டிங்க. ஊட்டுக் கேட்டு முன்னாடி வந்து நிக்குது. லைட்டெல்லாம் சுத்துது. எங்க ஊட்டுல ஆருக்கும் ஒண்ணும் இல்லீங்களே... ஆரும் கூப்புடலீங்களே..."

அவர் குரலுக்குப் பின்னால் என்ஜின் ஓடுகிற சத்தம் கேட்டது. சஃபியா போனைக் காதில் வைத்தபடியே ஷெட்டுக்கு ஓடினாள். வண்டி நின்றுகொண்டிருந்தது. தார்ப்பாய், கயிறு, முன்சக்கரத்தில் சங்கிலி. எல்லாம் இருந்தன. ஆனால் தார்ப்பாய் லேசாக அதிர்ந்துகொண்டிருந்தது. போனில் கேட்கிற அதே என்ஜின் இங்கேயும் ஓடுகிறது.

"மேடம், வண்டியத் திரும்பக் கூப்புடுங்க. பின்னாடிக் கதவு தொறந்துக்குச்சு. ஸ்ட்ரெச்சரை எறக்கி வெச்சிருக்குது... ஆருமே இல்லீங்க, ஆரு எறக்குனாங்கன்னு தெரியல. தயவு பண்ணிக் கூப்புடுங்க மேடம்!"

எத்தனை மாசம் அவள் கெஞ்சியிருப்பாள். இப்போது அவர் கெஞ்சுகிறார். சஃபியாவின் வாயில் அந்த வார்த்தை தானாக வந்தது.

"நான் எப்படிங்க சார் கூப்புடறது? சாவி உங்ககிட்டத்தானுங்களே இருக்குது?"

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும். பிறகு அவர் யாரிடமோ பேசுகிற மாதிரி, போனைக் கீழே இறக்கிவிட்டு, சின்னப்பிள்ளைக் குரலில், "அப்பா...? நீங்களாப்பா...?"

நடந்துபோகிற செருப்புச் சத்தம்.

அப்புறம் ஒரு கத்தல். போன் கட்டாகிவிட்டது. அதே நொடியில் ஷெட்டில் அதிர்வும் நின்றது.

சரவணன் வந்து சேர்ந்தபோது மழை வலுத்திருந்தது. காரைத் தானே ஓட்டிக்கொண்டு தனியாக வந்திருந்தார். எப்போதும் கஞ்சிபோட்ட வெள்ளைச் சட்டையில் பார்த்த மனிதர், பனியனும் லுங்கியுமாக, வெறுங்காலோடு. ஷெட்டுக்குள் வரவில்லை. வெளியே மழையிலேயே நின்றுகொண்டு கையை நீட்டினார். உள்ளங்கையில் இரண்டு சாவி. சங்கிலிப் பூட்டின் சாவி ஒன்று.

"எடுத்துக்குங்க மேடம். எல்லாத்தையும் எடுத்துக்குங்க."

"சார், உள்ள வாங்க, நனையறீங்க."

"வேண்டாமுங்க. ரிப்பனை நீங்களே எடுத்துப்போடுங்க. விழாவெல்லாம் வேண்டாமுங்க."

"ஓட்டினது உங்கப்பாவா சார்?"

அவர் தலையை ஆட்டினார். இல்லை என்று.

"கூப்புட்டேனுங்க. திரும்பிப் பாத்தாரு..."

அதற்குமேல் சொல்லவில்லை. இன்று வரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை.

வண்டி இப்போது ஓடுகிறது. ஆல்வின் என்று ஒரு டிரைவர் ஓட்டுகிறான், நல்ல பையன், பேசிக்கொண்டே இருப்பான். தானாக வண்டி எங்கேயும் போய் நின்றதாக அதன் பிறகு பேச்சில்லை. கயல்விழியின் குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்துவிட்டது. ஆல்வினுடைய சம்பளத்துக்கு ஆள் தேடி சஃபியா இன்னமும் ஆபீஸ் சோபாக்களில் உட்கார்ந்துகொண்டுதான் இருக்கிறாள். காப்பி வருகிறது... ஐயா மீட்டிங்கில் இருக்கிறார்... அது மாறவில்லை.

சரவணன் வீட்டில் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. எல்லாரும் சுகம். ஆனால் பொழுது சாய்கிற நேரத்தில் அவர் வீட்டுக்குள் இருப்பதில்லையாம். கேட்டுக்குப் பக்கத்தில் சேர் போட்டு உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பாராம். எவ்வளவு மழையானாலும்.

ஒன்றை மட்டும் சஃபியா வெகுநாள் சொல்லவில்லை. தம்பியிடம்கூடப் போன வருஷம்தான் சொன்னாள்.

அன்றைக்கு மழையில் அவர் சாவியைக் கொடுத்தாரே... அவள் தார்ப்பாயை இழுத்துப்போட்டாள். ரிப்பனைக் கையாலேயே பிய்த்தாள். சாவியைப் போட்டு டிரைவர் கதவைத் திறந்தாள். உள்ளேயிருந்து புது வண்டி வாசனைதான் வந்தது. டிரைவர் சீட்டின் மேல் ஷோரூமில் போட்ட பிளாஸ்டிக் கவர். ஸ்டியரிங்கைச் சுற்றியும் பிளாஸ்டிக். எதுவும் பிரிக்கவில்லை, எதுவும் கிழியவில்லை. ஒட்டின டேப் ஒட்டினபடி. அந்த சீட்டில் ஒருத்தரும் உட்கார்ந்ததே இல்லை.

ஆனால் பிளாஸ்டிக் வேர்த்திருந்தது.

விரலால் தொட்டுப் பார்த்தாள். மேலே ஈரமில்லை. ஈரம் உட்பக்கம். ஒரு முதுகு சாய்கிற அகலத்துக்கு, இரண்டு தொடை அழுந்துகிற அளவுக்கு.

செல்போன் லைட்டை ஸ்டியரிங்கின் மேல் அடித்தாள். அங்கேயும் ஈரம். பத்து விரல். உள்ளேயிருந்து அழுந்திப் பதிந்த பத்து விரல்...

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒவ்வொரு விரலாகப் பிடியை விட்டது.